கத்தி எட்டாத கட்டியை எட்டும் வெப்பம்

கல்லீரலில் கட்டி என்று தெரிந்ததும் குடும்பத்தார் முதலில் கேட்பது, “ஆபரேஷன் பண்ணி எடுத்துட முடியுமா டாக்டர்?” என்பதுதான். பெரும்பாலோருக்குக் கிடைக்கும் பதில், “முடியாது.” பெருங்குடலிலிருந்து கல்லீரலுக்குப் பரவிய புற்றுநோயில், அறுத்தெடுக்கத் தக்க நிலையில் இருப்பவர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான். கல்லீரலிலேயே தோன்றும் புற்றுநோயிலும் கத்தி எட்டாதவர்களே அதிகம்.

காரணங்கள் பல. சிலருக்குக் கட்டி பெரிய ரத்தக்குழாயை ஒட்டி உட்கார்ந்திருக்கும். சிலருக்கு வலம், இடம் இரு பகுதிகளிலும் சிதறிக் கிடக்கும். இதயமோ நுரையீரலோ நீண்ட அறுவையைத் தாங்காத முதியவர்கள் உண்டு. எல்லாவற்றையும்விடக் கொடுமையானது ஈரல் சுருக்க நோய். நலமான கல்லீரலில் பாதிக்கு மேல் வெட்டியெடுத்தாலும் எஞ்சிய பகுதி வளர்ந்து ஈடுகட்டிவிடும். சுருங்கித் தழும்பேறிய கல்லீரலுக்கு அந்த ஆற்றல் குறைவு. கட்டியோடு சேர்த்துக் கொஞ்சம் அதிகமாக வெட்டிவிட்டால், நோயாளி புற்றுநோயால் சாவதற்கு முன்பே கல்லீரல் செயலிழந்து இறந்துவிடக்கூடும்.

“முடியாது” என்று சொல்லும் அறுவை மருத்துவர் பொய் சொல்லவில்லை. தன் கையில் இருக்கும் கருவியால் முடியாது என்கிறார். ஆனால், வீட்டுக்குத் திரும்பும் குடும்பம் அதை அப்படிப் புரிந்துகொள்வதில்லை. இனி கீமோதெரபி, இல்லாவிட்டால் நாட்டு மருந்து, அதுவும் இல்லாவிட்டால் கடவுள் என்று முடிவுகட்டிவிடுகிறது. இந்த இடைவெளியில் சொல்லப்படாமலே போகிற ஒரு வழி இருக்கிறது: உடலைத் திறக்காமல், தோல் வழியே ஊசியைச் செலுத்தி, கட்டியை இருக்கும் இடத்திலேயே வெப்பத்தால் கொல்வது. லேசர், ரேடியோ அலை, மைக்ரோவேவ் என்று இதற்குப் பல கருவிகள் உண்டு. இவற்றில் லேசரின் கதை நாற்பது ஆண்டுப் பழமை கொண்டது. வெப்பச் சிகிச்சையால் என்ன முடியும், எது முடியாது என்பதைத் தெளிவாகக் கற்றுத்தரும் கதையும் அதுதான்.

லண்டனில் பிறந்த எண்ணம்

1960ஆம் ஆண்டு மே மாதம், கலிஃபோர்னியாவின் மாலிபுவில் தியோடர் மைமன் மாணிக்கப் படிகத்திலிருந்து முதல் லேசர் கதிரை வரவழைத்தார். அடுத்த இருபது ஆண்டுகளில் கண் மருத்துவத்திலும் இரைப்பை ரத்தக்கசிவை நிறுத்துவதிலும் லேசர் நுழைந்துவிட்டது. அங்கெல்லாம் அது மேற்பரப்பைச் சுடும் கருவியாகவே இருந்தது. உடலின் ஆழத்தில் கிடக்கும் கட்டியை எப்படிச் சுடுவது?

அந்தக் கேள்விக்கு 1983இல் லண்டன் மருத்துவர் ஸ்டீவன் பவுன் ஒரு விடையை எழுதினார். முடிபோல் மெல்லிய கண்ணாடி இழையை ஊசி வழியே கட்டிக்குள் செருகி, மிகக் குறைந்த திறனில், நிமிடக்கணக்கில் ஒளியைப் பாய்ச்சினால் போதும். திசு அந்த ஒளியை உள்வாங்கி வெப்பமாக மாற்றும்; வெப்பம் மெல்லப் பரவும்; கட்டி உள்ளிருந்தே வெந்துபோகும். 1985இல் ஜப்பானிய மருத்துவர்கள், அல்ட்ராசவுண்ட் படத்தைப் பார்த்தபடி கல்லீரல் கட்டிக்குள் லேசர் பாய்ச்சிய அனுபவத்தை வெளியிட்டார்கள். 1989இல் பவுனும் அவருடைய சகாக்களும் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில், இந்த முறையைக் கட்டிகளை அழிக்கும் புதிய அணுகுமுறையாக முன்வைத்தார்கள்.

பயன்பட்ட லேசர் பெரும்பாலும் நியோடிமியம்-யாக் வகை. 1,064 நானோமீட்டர் அலைநீளம். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். மற்ற பல லேசர்களைவிட இது திசுவுக்குள் ஆழமாக ஊடுருவும். அதன் பிறகு நடப்பதெல்லாம் வெப்பநிலையின் கணக்கு. 42 முதல் 45 டிகிரி செல்சியஸ்வரை புற்றணுக்கள் சோர்வடையும், பிழைத்துக்கொள்ளவும் செய்யும். 50 டிகிரியைத் தாண்டினால் சில நிமிடங்களில் மீள முடியாத சேதம். 60 டிகிரியில் புரதங்கள் உறைந்து அணு உடனே மடியும். 100 டிகிரியைக் கடந்தால் திசுவில் உள்ள நீர் ஆவியாகி, இழையின் நுனியைச் சுற்றித் திசு கரியாகிவிடும்.

கரியாவது நல்லதுதானே என்று தோன்றலாம். அங்கேதான் சிக்கல். கரி ஒளியைத் தடுத்துவிடும். நுனி மட்டும் கருகி, சற்றுத் தள்ளியிருக்கும் புற்றணுக்கள் தப்பிவிடும். ஆகவே, அவசரமாகக் கொளுத்துவதைவிட, 60 முதல் 100 டிகிரிக்குள் கட்டி முழுவதையும் பொறுமையாகச் சூடேற்றுவதுதான் இந்தக் கலையின் உயிர்நாடி. ஒளி நுனியில் மட்டும் குவியாமல் பக்கவாட்டிலும் பரவும்படி இழைகள் செய்யப்பட்டன. இழையைச் சுற்றிக் குளிர்ந்த நீர் ஓடும் உறைகளும் வந்தன.

வெப்பத்தைக் கண்ணால் பார்த்தல்

கல்லீரலுக்குள் எவ்வளவு தூரம் வெப்பம் போயிருக்கிறது என்று வெளியிலிருந்து எப்படி அறிவது? கட்டியின் ஓரத்தில் ஒரு மில்லிமீட்டர் விட்டுப்போனாலும் அங்கிருந்து மீண்டும் முளைக்கும். தாராளமாகச் சுட்டால் பித்தநாளமோ குடலோ வெந்துவிடும்.

இதற்கான பதிலை ஜெர்மனியில் தாமஸ் ஃபோகலின் குழு உருவாக்கியது. எம்ஆர்ஐ படத்தில் திசுவின் ஒளிர்வு வெப்பநிலைக்கு ஏற்ப மாறும். லேசர் பாயும்போதே அடுத்தடுத்துப் படமெடுத்தால், வெப்பம் பரவும் எல்லை திரையில் தெரியும். இங்கே லேசருக்கு மட்டும் ஒரு வசதி இருந்தது. ரேடியோ அலை ஊசிகள் உலோகத்தால் ஆனவை. அவற்றில் பாயும் மின்னோட்டம் எம்ஆர்ஐ படத்தைக் குலைத்துவிடும். லேசர் இழையோ கண்ணாடி. காந்தத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

1990களில் தொடங்கிய இந்தப் பணி, பின்னர் ஃபிராங்ஃபர்ட் பல்கலைக்கழக மருத்துவமனையில் பெருமளவில் வளர்ந்தது. பெருங்குடல் புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவிய 603 நோயாளிகளுக்கு, மொத்தம் 1,801 கட்டிகளுக்குச் சிகிச்சை அளித்த விவரத்தை அந்தக் குழு 2004இல் வெளியிட்டது. கல்லீரலில் பரவல் கண்டறியப்பட்ட நாளிலிருந்து கணக்கிட்டால், அவர்களில் பாதிப்பேர் மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்திருந்தார்கள். இவர்களில் கட்டி இரு பகுதிகளிலும் பரவியவர்கள், அறுவைக்குப் பின் மீண்டும் கட்டி வந்தவர்கள், அறுவையைத் தாங்க முடியாதவர்கள், அறுவையே வேண்டாம் என்றவர்கள் எல்லோரும் இருந்தார்கள். முழு மயக்கம் கொடுக்காமல், குத்தும் இடத்தை மரத்துப்போகச் செய்து சிகிச்சை நடந்தது. பலர் மருத்துவமனையில் படுக்காமலே வீடு திரும்பினார்கள்.

இந்த எண்களை மிகைப்படுத்தவும் கூடாது. சிகிச்சைக்கு ஏற்றவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார்கள்: பெரும்பாலும் ஐந்துக்கு மேற்படாத கட்டிகள், ஐந்து சென்டிமீட்டருக்கு மேற்படாத அளவு. ஒப்பிட்டுப் பார்க்க, சிகிச்சை பெறாத எதிர்க்குழு எதுவும் இல்லை. ஆனாலும், கைவிடப்பட்டிருக்கக் கூடியவர்களின் கல்லீரலில் கட்டிகளைக் கட்டுப்படுத்த முடியும் என்பதை அந்த ஆவணம் நிறுவியது.

இத்தாலியின் மெல்லிய ஊசி

எம்ஆர்ஐ எல்லா ஊரிலும் இல்லை; இருந்தாலும் மணிக்கணக்கில் ஒரே நோயாளிக்கு ஒதுக்க முடியாது. இத்தாலியில் கிளாவுதியோ பாச்செல்லாவும் அவருடைய சகாக்களும் வேறு பாதையில் போனார்கள். அவர்கள் கையிலெடுத்தது சாதாரண அல்ட்ராசவுண்ட். ஊசியின் குறுக்களவு 0.8 மில்லிமீட்டர். திசுப் பரிசோதனைக்குப் பயன்படுத்தும் மெல்லிய ஊசி அளவுதான். கட்டியின் அளவுக்கேற்ப ஒன்று முதல் நான்கு ஊசிகளைக் குத்தி, ஒவ்வொன்றின் உள்ளும் ஓர் இழையை நுழைத்து, 5 வாட் திறனில் 6 நிமிடம் லேசர் பாய்ச்சுவார்கள். ஓர் இழைக்கு 1,800 ஜூல் ஆற்றல்.

ஈரல் சுருக்க நோயாளிகளுக்கு இந்த மெல்லிய ஊசி பெரிய வரம். அவர்களுக்கு ரத்தத் தட்டணுக்கள் குறைவு. குத்திய இடத்தில் ரத்தம் உறையத் தாமதமாகும். ஊசி எவ்வளவு மெல்லியதோ அவ்வளவுக்கு ரத்தக்கசிவு ஆபத்து குறையும். பித்தப்பை, உதரவிதானம், பெரிய ரத்தக்குழாய் ஆகியவற்றின் அருகே தடித்த ஊசி நுழையத் தயங்கும் இடங்களிலும் இதைக் கவனமாகக் கொண்டுபோகலாம்.

இத்தாலியின் பல மருத்துவமனைகள் சேர்ந்து 2009இல் வெளியிட்ட ஆய்வில் 432 நோயாளிகள் இடம்பெற்றனர். அனைவரும் ஈரல் சுருக்கத்தோடு, ஆரம்பநிலைக் கல்லீரல் புற்றுநோயும் கொண்டவர்கள். 78 விழுக்காட்டினருக்குக் கட்டி முழுமையாக அழிந்தது. மூன்றாண்டு கழித்து 61 விழுக்காட்டினரும், ஐந்தாண்டு கழித்து 34 விழுக்காட்டினரும் உயிரோடு இருந்தார்கள். அவர்களின் கல்லீரல் ஏற்கெனவே பாழ்பட்டிருந்தது என்பதையும் நினைவில் வைத்துத்தான் இந்த எண்ணைப் படிக்க வேண்டும். 2015இல் நேப்பிள்ஸ் நகரில் 140 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு லேசரும் மறுபாதிக்கு ரேடியோ அலையும் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டிலும் 95 விழுக்காட்டுக்கு மேற்பட்ட கட்டிகள் முழுமையாக அழிந்தன.

எல்லைகளையும் சொல்ல வேண்டும்

“லேசர்” என்றாலே மாயாஜாலம் என்று நம்பும் போக்கு நம்மிடையே உண்டு. விளம்பரங்கள் அந்த நம்பிக்கையை வளர்த்தும் வைத்திருக்கின்றன. கல்லீரல் சிகிச்சையில் அந்த நம்பிக்கை உயிருக்கே ஆபத்தாகலாம்.

முதல் எல்லை, அளவு. மூன்று சென்டிமீட்டர்வரை வெப்பச் சிகிச்சை நன்றாக வேலைசெய்யும். அதற்கு மேல் போகப் போகக் கட்டியின் ஓரத்தில் உயிருள்ள அணுக்கள் தங்கிவிடும் வாய்ப்பு கூடுகிறது. கட்டியோடு சேர்த்து, அதைச் சுற்றி அரை முதல் ஒரு சென்டிமீட்டர்வரை நல்ல திசுவையும் சுட்டால்தான் பாதுகாப்பு. ஐந்து சென்டிமீட்டர் கட்டியைச் சுற்றி அப்படி ஒரு வேலி கட்ட, எத்தனை ஊசி குத்த வேண்டும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

இரண்டாவது, ரத்த ஓட்டம். கல்லீரலுக்குள் நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர் அளவில் ரத்தம் பாய்கிறது. அதில் முக்கால் பங்கு குடலிலிருந்து வரும் போர்டல் சிரை வழியே வருவது. மூன்று மில்லிமீட்டருக்கு மேற்பட்ட குழாய் கட்டியை உரசிச் சென்றால், ஓடும் ரத்தம் வெப்பத்தை அள்ளிக்கொண்டு போய்விடும். அடுப்பில் பாத்திரத்தை வைத்துவிட்டு ஒரு பக்கத்திலிருந்து குளிர்ந்த நீரை ஊற்றிக்கொண்டே இருந்தால், அந்தப் பக்கம் எப்படிக் கொதிக்கும்? குழாயை ஒட்டிய ஓரத்தில்தான் பெரும்பாலும் கட்டி திரும்ப முளைக்கிறது.

மூன்றாவது, பின்விளைவுகள். காய்ச்சலும் வலியும் பொதுவானவை. சில நாளில் தணியும். நெஞ்சுக்கூட்டில் நீர் கோப்பது, சுட்ட இடத்தில் சீழ் பிடிப்பது, பித்தநாளம் காயப்படுவது, ரத்தக்கசிவு ஆகியவை அரிது, ஆனால் நடப்பவை. அடங்காத வயிற்று நீர்க்கோவை உள்ளவர்களுக்கும், கல்லீரலுக்கு வெளியே பல உறுப்புகளில் நோய் பரவிவிட்டவர்களுக்கும் இந்தச் சிகிச்சை பெரும்பாலும் பயன்தராது. பணத்தைக் கரைத்துப் பொய்யான நம்பிக்கையை வாங்கித்தரும் வேலையாகவே அது முடியும்.

சரியான நோயாளிக்குச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு ஐரோப்பாவில் நடந்த குளோக் ஆய்வு சாட்சி. அறுத்தெடுக்க இயலாத, பெருங்குடலிலிருந்து பரவிய கல்லீரல் கட்டிகள் கொண்ட 119 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குக் கீமோதெரபி மட்டும். மறுகுழுவுக்குக் கீமோதெரபியோடு ரேடியோ அலை வெப்பச் சிகிச்சையும், தேவைப்பட்டவர்களுக்குப் பகுதி அறுவையும். 2017இல் வெளியான நீண்டகால முடிவின்படி, எட்டு ஆண்டுகள் கழித்துக் கீமோ மட்டும் பெற்றவர்களில் ஏறத்தாழ 9 விழுக்காட்டினர் உயிரோடிருந்தார்கள். வெப்பமும் சேர்த்துப் பெற்றவர்களில் 36 விழுக்காட்டினர். ஆய்வு சிறியதுதான். ஆனால், அறுவை முடியாது என்று எழுதப்பட்டு, வெப்பச் சிகிச்சையும் பெற்றவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் எட்டு ஆண்டு வாழ்ந்திருக்கிறார்கள் என்றால், அந்த வழியைச் சொல்லாமல் ஒரு நோயாளியை அனுப்புவதற்கு எந்த நியாயமும் இல்லை.

இதைவிடப் பெரிய அதிர்வை உண்டாக்கியது, நெதர்லாந்து மருத்துவர்கள் தலைமையில் நடந்த கொலிஷன் ஆய்வு. இது அறுவை செய்ய முடிந்த நோயாளிகளிடமே நடத்தப்பட்டது. மூன்று சென்டிமீட்டருக்கு மேற்படாத கட்டிகள் கொண்ட ஏறத்தாழ 300 பேரில் பாதிப்பேருக்குக் கத்தி, பாதிப்பேருக்கு வெப்பம். உயிர்வாழும் காலத்தில் வெப்பம் பின்தங்கவில்லை என்பதும், பின்விளைவுகள் தெளிவாகக் குறைவு என்பதும் பாதி வழியிலேயே தெரிந்துவிட்டதால் ஆய்வு முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. சிகிச்சை தொடர்பான மரணம் அறுவைக் குழுவில் சுமார் 2 விழுக்காடு. வெப்பக் குழுவில் ஒன்றுகூட இல்லை. 2024இல் அறிவிக்கப்பட்ட இந்த முடிவு, கத்தி எட்டாதவர்களுக்கான மாற்றுவழியாக மட்டும் கருதப்பட்ட ஒரு முறையை, சிறிய கட்டிகளைப் பொறுத்தவரை கத்திக்குச் சமமான இடத்தில் வைத்துவிட்டது.

எந்தக் கருவி என்பதைவிட

குளோக், கொலிஷன் ஆகிய இரண்டு ஆய்வுகளிலும் லேசர் இல்லை என்பதை வாசகர் கவனித்திருக்கலாம். உண்மை அதுதான். இன்று உலகின் பெரும்பாலான மருத்துவமனைகளில் கல்லீரல் கட்டியைச் சுடுவது ரேடியோ அலையோ மைக்ரோவேவோதான். மைக்ரோவேவ் ஒரே ஊசியில், சில நிமிடங்களில், பெரிய பரப்பைச் சுட்டுவிடும். ஓடும் ரத்தம் அதன் வெப்பத்தை அவ்வளவாகக் குறைப்பதில்லை. லேசருக்கோ பல இழைகளைத் துல்லியமாக வைக்கும் கைத்திறன் வேண்டும். எம்ஆர்ஐயோடு சேர்ந்த அதன் தனிப் பலம் இன்று மூளையில்தான் அதிகம் பயன்படுகிறது. வலிப்பு நோய்க்கும் மூளைக் கட்டிக்கும், மண்டையில் சிறு துளையிட்டு லேசர் இழையைச் செலுத்துகிறார்கள்.

ஆகவே, “லேசர் எங்கே கிடைக்கும்?” என்று அலைவது பயனற்றது. நம் ஊர்ப் பெரிய மருத்துவமனைகளில் ரேடியோ அலையும் மைக்ரோவேவும் இருக்கின்றன. அவற்றைக் கையாளும் இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி நிபுணர்களும் இருக்கிறார்கள். நோயாளி அவர்களைச் சென்றடைவதில்தான் தடை. அறுவை மருத்துவர், புற்றுநோய் மருத்துவர், கல்லீரல் மருத்துவர், ரேடியாலஜி நிபுணர் நால்வரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஸ்கேனைப் பார்த்த பிறகே “முடியாது” என்ற சொல் வர வேண்டும். ஒருவர் மட்டும் பார்த்துச் சொல்லும் “முடியாது” முழுமையான மருத்துவக் கருத்து ஆகாது.

அதற்கும் முன்னால் ஒரு நிபந்தனை இருக்கிறது: கட்டி சிறியதாக இருக்கும்போதே கண்ணில் பட வேண்டும். ஷாங்காய் நகரில், ஹெபடைடிஸ் பி தொற்றோ நீடித்த கல்லீரல் அழற்சியோ இருந்த 18,816 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனையும் அல்ட்ராசவுண்டும் செய்தார்கள். எல்லோரும் ஒழுங்காக வராதபோதும், கல்லீரல் புற்றுநோய் மரணம் அந்தப் பிரிவில் 37 விழுக்காடு குறைந்தது. 2004இல் வெளியான முடிவு இது. ஈரல் சுருக்கம் உள்ளவர்களுக்கு ஆறு மாத அல்ட்ராசவுண்ட் என்பது இன்று உலகம் ஏற்ற நடைமுறை. வயிற்று ஸ்கேன் எடுக்க நம் மாவட்டத் தலைநகரங்கள் எதிலும் வசதிக் குறைவில்லை. அதை ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டும் என்று நோயாளியிடம் எடுத்துச்சொல்லும் ஏற்பாடுதான் இல்லை.

அதற்கான அடித்தளம் இருக்கிறது. ஹெபடைடிஸ் பி, சி இரண்டுக்கும் இலவசப் பரிசோதனையும் மருந்தும் தரும் தேசியத் திட்டம் 2018இல் தொடங்கப்பட்டது. கொழுப்புக் கல்லீரல் நோய் 2021இல் தேசியத் தொற்றா நோய்த் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. அதே ஆண்டு தமிழ்நாடு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், நீரிழிவுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. அந்தப் பணியாளரின் பட்டியலில், ஈரல் சுருக்கம் உறுதியானவர்களின் பெயரையும் அடுத்த ஸ்கேன் தேதியையும் சேர்த்தால், கட்டி இரண்டு சென்டிமீட்டரில் இருக்கும்போதே பிடிபடும் வாய்ப்பு பலருக்குக் கிடைக்கும்.

அறுவை இயலாது என்று அனுப்பப்படும் ஒவ்வொருவரின் வெளியேற்றச் சீட்டிலும் நான்கு விவரங்கள் கட்டாயமாக இருக்க வேண்டும்: கட்டிகள் எத்தனை, பெரியது எத்தனை சென்டிமீட்டர், எந்த ரத்தக்குழாய்க்கு அல்லது பித்தநாளத்துக்கு அருகில் இருக்கிறது, அறுவை ஏன் இயலாது. ஸ்கேன் படங்கள் அடங்கிய குறுந்தகடும் நோயாளியின் கையில் தரப்பட வேண்டும். இவை இருந்தால், வெப்பச் சிகிச்சைக்கு அவர் ஏற்றவரா என்பதை வேறோர் ஊரில் இருக்கும் நிபுணர் பெரும்பாலும் படங்களைப் பார்த்தே சொல்லிவிடுவார்; நோயாளியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைய வேண்டியதில்லை. சுகாதாரத் துறை இதை ஒரு சுற்றறிக்கை மூலம் எல்லா அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்கும், காப்பீட்டுத் திட்டத்தில் இணைந்துள்ள தனியார் மருத்துவமனைகளுக்கும் இந்த ஆண்டே கட்டாயமாக்கலாம்.